எழுநூறு வயது நோயாளிக்காக மூச்சுப் பிடித்தவர்

மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் அத்தனை பேரின் மூச்சையும் ஒன்றாகக் கூட்டினாலும், வெள்ளவத்தையில் ஒரு குளிரூட்டிய அறைக்குள் இருந்தபடி மூச்சண்ணை பிடித்த மூச்சுக்குக் கிட்டவும் வராது. இதில் விசேஷம் என்னவென்றால், அவர் ஒரு தடவைகூடத் தனக்காகப் பிடிக்கவில்லை. எல்லாம் அடுத்தவர்களுக்காக.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்த ஸ்கேன் சென்டரில் அவர் சி.டி. ஸ்கேன் இயக்குபவர். அந்த மெஷினுக்குள் ஏற்கனவே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் பதிந்து வந்திருந்தது. மூச்சை உள்ளே இழு, பிடி, விடு என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லுவாள். மூச்சண்ணை வேலைக்கு வந்த முதல் நாளே அவளுடைய வாயை அடைத்துவிட்டார்.

"அவவுக்கு எங்கட சனத்தின்ர நெஞ்சு தெரியாது. பிடி எண்டு சொல்லிப்போட்டு அவ தன்ர பாட்டுக்குப் போயிடுவா. இஞ்ச மனிசன் மூச்சு முட்டிச் சாகிறான்."

ஆகவே அவரே மைக்கில் சொல்லுவார். தமிழருக்கு "மூச்சை இழுங்கோ... பிடியுங்கோ..." சிங்களவருக்கு "ஹுஸ்ம கன்ன..." சொல்வதோடு விட்டால் அவர் சாதாரண மனிதர். நோயாளி மூச்சை இழுக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவரும் இழுப்பார். நோயாளி பிடித்திருக்கும்வரை இவரும் கன்னம் இரண்டும் உப்ப, கண் இரண்டும் பிதுங்கப் பிடித்திருப்பார். தனக்கு முட்டினால் நோயாளிக்கும் முட்டும், அந்த இடத்தில் விடச் சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தால் முப்பது தடவை. மாலை நான்கு மணிக்கு அவரைப் பார்த்தால் அப்போதுதான் சிவனொளிபாத மலையை ஏறி இறங்கிய மாதிரி இருப்பார்.

"வீட்டுக்கு வந்தா ஒரு மணித்தியாலம் வாய் திறக்கமாட்டார்" என்று அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் ஒரு முறை குறைப்பட்டுக்கொண்டார். "என்னப்பா எண்டு கேட்டா, மூச்சைச் சேர்த்து வைக்கிறாராம்."

அவருக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் நிற்காது. பெயர் அதைவிட மோசம். உள்ளே பார்த்தது மட்டும் மறக்காது. காலி வீதியில் அவரோடு நடப்பதே ஒரு சங்கடம். ஆட்டோவிலிருந்து இறங்குகிற பெரிய மனிதரைக் காட்டி, "அந்தா, வீங்கின ஈரல் போகுது. பாவம், இப்ப கொஞ்சம் சுகம் போல" என்பார். மரக்கறிக் கடையில் என் காதுக்குள், "கத்தரிக்காய் பொறுக்கிற அம்மாவுக்கு மூண்டு சிறுநீரகம், தங்கச்சி. தனக்கே தெரியாது" என்றார். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நான் வெண்டிக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு அவர் பழக்கமானது என் அப்பாவால். கொட்டாஞ்சேனையில் இருந்து அப்பாவை நெஞ்சு ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் லேசில் பாராட்டமாட்டார். ஸ்கேன் முடிந்து வெளியே வந்து, "மகள், உள்ளுக்கு இருக்கிற ஆள் எனக்காக மூச்சுப் பிடிச்சான்மா. நான் கண்ணாடிக்குள்ளால பாத்தன்" என்றார். அன்றிரவு செபத்தில் அந்த மனிதரின் பெயரையும் சேர்க்க விரும்பினார். பெயர் தெரியாததால் "அந்த மூச்சுக்காரன்" என்றே ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார்.

அப்போது நான் பழம்பொருட்களைக் காக்கும் ஒரு அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். தமிழ்க் கல்வெட்டு, செப்புத் தகடு என்று எது வந்தாலும் வாசித்துச் சொல்வது என் வேலை. வடமேற்குக் கரையில் யாரோ கிணறு வெட்டும்போது ஒரு செப்புச் சுருள் அகப்பட்டு எங்களிடம் வந்திருந்தது. சின்ன விரல் நீளம். பச்சைக் களிம்பு ஏறி, பாய் மாதிரி இறுகச் சுருண்டிருந்தது. வெளி விளிம்பில் இரண்டே இரண்டு தமிழ் எழுத்து தெரிந்தது. அந்த எழுத்தின் வடிவத்தைப் பார்த்தால் ஏறக்குறைய எழுநூறு வருடம் சொல்லலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

எங்கள் டிரெக்டர் அதற்குள் ஒரு ராஜா இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். சின்ன வாளால் மூன்று துண்டாக அறுத்துத் திறப்பதற்கு ஒரு நிபுணரையும் ஏற்பாடு செய்துவிட்டார். அதை எப்படியும் நிறுத்த நினைத்தேன். காரணம், இதற்கு முன்னும் ஒரு சுருள் வந்திருந்தது. அதையும் இப்படித்தான் திறந்தார்கள். அது இப்போது எங்கள் அலுமாரியில் ஒரு போத்தலுக்குள் பச்சைத் தூளாக இருக்கிறது. நான் போய்க் கெஞ்சினேன். திறக்காமலே வாசிக்க வழியிருக்கிறது, பிற நாடுகளில் ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள் என்றேன்.

"ரெண்டு கிழமை, மிஸ்" என்று பதினான்கு நாள் தவணை தந்தார் டிரெக்டர். "அதுக்குள்ள வாசிச்சா சரி. இல்லாட்டி அறுக்கிறதுதான்."

பெரிதாகச் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, எனக்குத் தெரிந்த ஒரே ஸ்கேன்காரர் மூச்சண்ணைதான். அப்பாவின் ரிப்போர்ட்டை எடுக்கப் போன இடத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "வயசென்ன?"

"எழுநூறு இருக்கும், அண்ணை."

"முந்தி ஏதும் ஒப்பரேஷன்?"

"இனித்தான் செய்யப் போறாங்க. அதைத்தான் நிப்பாட்டப் பாக்கிறன்."

"அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று சென்டரில் ஆட்கள் குறைவு. எங்கள் அலுவலகப் பாதுகாப்பு உத்தியோகத்தர் காவலுக்கு வர, பஞ்சு வைத்த பெட்டிக்குள் சுருளோடு போனேன். மூச்சண்ணை முதலில் பதிவுப் படிவத்தை எடுத்தார். படிவமில்லாமல் அவருடைய மெஷினுக்குள் எறும்பும் போக முடியாது. பெயர் என்ற இடத்தில் "திருமதி செம்பு" என்று எழுதினார். எழுநூறு என்ற வயதைக் கொம்பியூட்டர் ஏற்கவில்லை. எழுபது என்று போட்டார்.

"சாப்பிட்டவவோ?"

"இல்லை, அண்ணை. எழுநூறு வருஷமா வெறும் வயிறு."

"உடம்புக்குள்ள உலோகம் ஏதும் இருக்கோ?"

"உடம்பே உலோகம்தான்."

"சிரிக்காதேங்கோ, தங்கச்சி. கேக்கிறது என்ர கடமை."

சுருளைக் கட்டிலில் கிடத்தினார். தலைக்குச் சின்னத் தலையணை வைத்தார். குளிருமென்று கழுத்துவரை போர்த்தினார். எது கழுத்து என்று எப்படித் தீர்மானித்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து என்னைப் பார்த்தார்.

"நோயாளிக்கு ஏலாட்டி, கூட வந்த ஆள் பிடிக்க வேணும். அதுதான் இஞ்சத்தை முறை. மூச்சை இழுங்கோ..."

நான் இழுத்தேன். அவரும் இழுத்தார். எங்களுக்குப் பின்னால் பாதுகாப்பு உத்தியோகத்தரும் இழுத்தது கேட்டது.

படம் வந்தது. சுருள் இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு நட்சத்திரம். கிறிஸ்மஸ் காலத்தில் கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு தொங்குமே, அதே மாதிரி. எலும்பையும் ஈரலையும் பார்க்கிற எக்ஸ்ரே கதிர்களை அந்தச் செம்பு முழுங்கிவிட்டது. ஒரு எழுத்தும் இல்லை. மூச்சண்ணை ஏழு விதமாக மாற்றி மாற்றி எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் ஏழு தரம் மூச்சுப் பிடித்ததுதான் மிச்சம்.

இதற்குள் இன்னொரு வில்லங்கம் நடந்துவிட்டது. பதிவு செய்த நோயாளியின் படங்கள் தாமாகவே ரிப்போர்ட் எழுதும் டொக்டருக்குப் போய்விடும். அதை நிறுத்த மூச்சண்ணை மறந்துவிட்டார். வீட்டில் விடுமுறையில் இருந்த டொக்டர் பதறியடித்துக்கொண்டு போன் எடுத்தார். சத்தம் வெளியே எனக்கே கேட்டது.

"எழுபது வயசு அம்மாவின்ர படத்தில உலோகத் துண்டு ஒண்டு மட்டும் கிடக்குது! அம்மாவைக் காணேல்லை! அம்மா எங்க?"

மூச்சண்ணை போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு என்னிடம், "என்னெண்டு சொல்லுறது?" என்றார். மறுநாள் மெஷின் அறைக் கதவில் மனேஜர் ஒரு அறிவித்தல் ஒட்டினார். மூச்சு விடாத நோயாளிகளை இனி உள்ளே எடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

நான் கைவிட்டுவிட்டேன். இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. போத்தலுக்குள் இருந்த பச்சைத் தூளைப் பார்க்கப் பயந்து அலுமாரிப் பக்கமே போகவில்லை. ஆனால் மூச்சண்ணை விடுகிற ஆளா? வியாழக்கிழமை எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, இது என்ர மெஷினுக்கு ஏலாத காரியம். ஊசி முனையளவு பார்க்கிற சின்ன மெஷின் வேணும். முத்தை உடைக்காமல் உள்ளுக்குப் பார்த்து, கடல் முத்தோ வளர்த்த முத்தோ எண்டு சொல்லுற மெஷின் ஒண்டு கொழும்பில இருக்கு. அது வைச்சிருக்கிற ஹாஜியார் என்னட்ட வந்தவர்."

"அவர்ட பேர் என்ன, அண்ணை?"

"பேர் ஆருக்குத் தெரியும்? இடப்பக்கச் சிறுநீரகத்தில புளியங்கொட்டை அளவில கல்."

"எங்க இருக்கிறார்?"

"அதைத்தான் நாளைக்குக் கண்டுபிடிப்பம். வெள்ளிக்கிழமையெல்லோ."

அவருடைய திட்டம் கேட்கவே பயமாக இருந்தது. ஜும்மா முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம், சென்டருக்குக் கிட்டவுள்ள பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடை வாசலில் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். போகிற வருகிறவர்களின் இடுப்பையே உற்றுப் பார்த்தார். கல்லை வெளியிலிருந்து பார்க்க முடியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். கால் மணித்தியாலத்தில் அவருக்கே அது விளங்கியது. உடனே அடி வயிற்றிலிருந்து குரலை எடுத்து, வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி விட்டார்:

"மூச்சை இழுங்கோ... அப்பிடியே பிடியுங்கோ!"

ஆணையாகச் சொல்கிறேன், அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் அப்படியே நின்றார்கள். ஒருவர் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஒரு காலைப் போட்டபடி. மூன்றாவது, வெள்ளைத் தொப்பியும் தாடியுமாக ஒரு பெரியவர், நெஞ்சை நிமிர்த்திக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்.

"அவர்தான், அந்தப் பிடியை மறப்பனோ" என்றார் மூச்சண்ணை. பிறகுதான் ஞாபகம் வந்து, "விடுங்கோ, விடுங்கோ!" என்று கத்தினார். மூன்று பேரும் விட்டார்கள்.

ஹாஜியார் வீதியைக் கடந்து வந்தார். கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் மூச்சண்ணையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ், நீங்களா! ஒங்கட கொரலக் கேட்டதும் ஒடம்பு தானா நின்டிட்டு. கல்லு போன பொறகு நான் ஒங்களுக்கு ஒரு நன்றி சொல்லக் கெடைக்கல்ல. என்ன வேணும் சொல்லுங்க."

மூச்சண்ணை என்ன வேண்டும் என்று சொன்னார். ஹாஜியாருக்கு விளங்கவில்லை. தேத்தண்ணிக் கடைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்த ரோல்ஸைக் காட்டினார் மூச்சண்ணை. "உள்ளுக்கு மீனோ முட்டையோ எண்டு ரோல்ஸை வெட்டாமல் பாக்க வேணும். அவ்வளவுதான் விஷயம்." ஹாஜியாருக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. அவருடைய முத்து வியாபாரமும் அதுதானே.

திங்கட்கிழமை காலை புறக்கோட்டைப் பக்கம் ஒரு மாடியில், குளிர்சாதனப் பெட்டி அளவான மெஷினுக்குள் சுருளை நிறுத்தி வைத்தார்கள். அது மெல்ல மெல்லச் சுற்ற, ஆயிரக்கணக்கில் படம் எடுக்குமாம். எவ்வளவு நேரம் என்று மூச்சண்ணை கேட்டார். இரண்டு மணித்தியாலம் என்றார் ஹாஜியார். மூச்சண்ணையின் முகம் வெளுத்துப் போனது.

"ரெண்டு மணித்தியாலமோ? ஆர் பிடிக்கிறது?"

"எங்கட முத்து ஒண்டும் இதுவரைக்கும் மூச்சுப் புடிக்கல்லையே" என்றார் ஹாஜியார்.

"முத்துக்கு ஆரும் கூட வரேல்லை. இவவோட நாங்கள் வந்திருக்கிறம்."

இதற்கு மேல் யார் வாதாடுவது? முறை வைத்துக்கொண்டோம். முதலில் மூச்சண்ணை, பிறகு நான், பிறகு பாதுகாப்பு உத்தியோகத்தர். ஒருவர் விடும்போது அடுத்தவர் பிடிக்க வேண்டும். நடுவில் இடைவெளி வரக் கூடாது. பத்து நிமிடம் வேடிக்கை பார்த்த ஹாஜியார், "சரி, என்னையும் சேத்துக்கங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய முறை வந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. துபாயிலிருந்து பெரிய வாடிக்கையாளராம். கன்னம் உப்பிய ஹாஜியார், போனையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார், எடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தின் முடிவில் நான்கு பேரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். சுருள் மட்டும் ஒரு களைப்புமில்லாமல் நின்றது.

இந்த முறை நட்சத்திரம் வரவில்லை. வட்டத்துக்குள் வட்டமாக ஒரு மெல்லிய கோடு வந்தது. நுளம்புத் திரி, அந்தக் கொசுவர்த்திச் சுருள் மாதிரி. அந்தக் கோட்டைப் படம் படமாகப் பின்தொடர்ந்து, கொம்பியூட்டரில் விரித்துத் தட்டையாக்க வேண்டும். மூச்சண்ணை நான்கு நாள் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்தார். அக்கா சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்து ஊட்டாத குறை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அங்கே போனபோது, திரையில் செம்பு பாய் விரிகிற மாதிரி விரிந்தது. கீறல் கீறலாக எழுத்துகள் எழும்பி வந்தன. அறுக்கிற நாளுக்கு இன்னும் ஒரு சனி ஞாயிறுதான் நடுவில் இருந்தது.

"வாசியுங்கோ, தங்கச்சி."

திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன். ராஜா இல்லை. வெற்றி இல்லை. ஊரைத் தானம் செய்ததும் இல்லை. ஒரே ஒரு வரிதான், திரும்பத் திரும்ப ஐந்து முறை எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன்: கூத்தன் மகள் நங்கைக்கு இளைப்புத் தீர்க.

"இளைப்பு எண்டா?"

"மூச்சிழுப்பு, அண்ணை. நெஞ்சிழுப்பு. மூச்சு விட ஏலாம இருந்த ஒரு பிள்ளைக்கு, தகப்பன் எழுதித் தாயத்தாச் சுருட்டிக் கட்டிவிட்டிருக்கிறார்."

மூச்சண்ணை கண்ணாடியைக் கழற்றினார். கட்டியிருந்த சாரத்து நுனியால் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். கடைசியில், "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். "நோயாளி எண்டு."

திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு டிரெக்டரிடம் போனேன். நிபுணர் வாளோடு வந்து உட்கார்ந்திருந்தார். டிரெக்டர் வாசகத்தை இரண்டு முறை கேட்டார். "ராஜா ஒருத்தரும் இல்லையா, மிஸ்?" என்றார். இல்லை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எதற்கும் திறந்தே பார்த்துவிடுவோமே, படத்தில் தவறியது ஏதும் இருக்கலாம் என்று நிபுணர் இழுத்தார். மூச்சண்ணை எழுந்து நின்றார்.

"சேர், கட்டின தகட்டைத் திறக்கப்படாது. திறந்தா பலிக்காது எண்டு எங்கட சனம் சொல்லும். எழுநூறு வருஷமா ஒருத்தரும் திறக்கேல்லை."

"நீங்க எக்ஸ்ரே படிச்ச ஆள். இதையெல்லாம் நம்புறீங்களா?"

"நான் நம்பேல்லை, சேர். ஆனா நோயாளியின்ர நம்பிக்கை நோயாளிக்கு. அதில கை வைக்க எனக்கு உரிமை இல்லை."

டிரெக்டர் சுருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "பிள்ளை பிழைச்சாளா?"

"தெரியாது, சேர். அதனாலதான் திறக்க வேண்டாம் எண்டுறன்."

வாள் பெட்டிக்குள் போனது. சுருள் இன்றைக்கும் முழுசாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அட்டையில் மூச்சண்ணையின் பெயரைப் போட வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். அவர் சம்மதிக்கவில்லை. "ஸ்கேன் எடுத்தவன்ர பேரை ஆர் போடுறது? நோயாளியின்ர பேரைப் போடுங்கோ." ஆகவே அதில் "நங்கையின் செப்புச் சுருள்" என்றுதான் இருக்கிறது. என் வேலை நிரந்தரமானதும், இன்று நான் நாலு பேர் வாசிக்க எழுதுவதும் அந்த இரண்டு கிழமையால் வந்தது. அவர் பெயரைப் போட வேறு இடம் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். இதிலும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் அக்கா போன் எடுத்தார். மூச்சண்ணைக்கு இருமல் மாறவில்லை. களுபோவிலை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனிசன் பயப்படுகிறார், நீங்களும் வாங்கோ என்றார். போனேன். அவர் இந்தத் தொழிலில் பழைய ஆள் என்பதால் எங்கள் இருவரையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். ஆயிரக்கணக்கானோரை அப்படியொரு கட்டிலில் கிடத்திய மனிதர் அதில் ஒரு பிள்ளை மாதிரிச் சுருண்டு கிடந்தார். போர்வையைக் கழுத்துவரை தானே இழுத்துவிட்டுக்கொண்டார்.

இயக்கிய பெண் பொத்தானை அமுக்கினாள். மெஷினுக்குள்ளிருந்து அதே வெள்ளைக்காரி ஆங்கிலத்தில், மூச்சை இழுத்துப் பிடி என்றாள்.

பழைய தழும்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் பிறகு வந்தது. ஆனால் அது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவருடைய நெஞ்சு ஏறி நின்றதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு என்ன செய்யுது? ஏன் முகம் இப்பிடிச் சிவக்குது?" என்று கேட்டாள்.

அவர் மூச்சை விட்ட பிறகுதான் நானும் விட்டேன்.